எந்த ஹல்கா?

போர்ட் பிளேரில் என் சவுண்டு சர்வீஸ் கடையை இப்போது எடுத்து நடத்தும் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து போன வாரம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். "அண்ணே, கிட்டாருக்கு நல்லதா ஒரு ட்யூப் ஆம்ப் வாங்கலாம்னு இருக்கோம். டோன் முக்கியமா, உறுதி முக்கியமா, வெயிட் முக்கியமா? ஒரே வரியில சொல்லுங்க." கூடவே பதினோரு வீடியோக்கள். பதினொன்றையும் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? பதினொன்றிலும் ஒரு தாடிக்காரர் குளுகுளு அறையில் உட்கார்ந்து வாசிக்கிறார். ஒருவர்கூட அந்தப் பெட்டியைத் தூக்கவில்லை. மெயின்லேண்டில் ஆம்ப்கள் தாமாகவே நடந்து போகும் போலிருக்கிறது.

ஒரு வரிப் பதில் இதோ: யார் தூக்கப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் இருபத்தாறு வருடம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு "ஹலோ, செக், ஒன் டூ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வாய்ப்புக் கிடைக்காத ஆள் நான். தவிர, மீட்டர் போர்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் அந்தத் தோல் கைப்பிடியைக் காட்டி, "இது என்ன அண்ணே, குப்பையில போட்டுறலாமா?" என்று நீங்கள் கேட்டதும் நினைவிருக்கிறது. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றே.

முதலில் டோன். ட்யூப் ஆம்ப்ளிஃபையர் என்றால் பழைய வால்வு ரேடியோவின் பெரியப்பா பிள்ளை. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவப்பாக எரியும். சூடாகும், உடையும், மாற்றுக் குழாய் கப்பலில் வரும், வந்தால் வரும். இவ்வளவு தொல்லைக்கும் அதை வாங்குகிறோம் என்றால் காரணம் அந்தச் சத்தம். ஆனால் அந்தச் சத்தத்தைச் சொல்ல நம் தீவில் பொதுவாக ஒரு சொல் கிடையாது. வங்காளி வாடிக்கையாளர் "மிஷ்டி" வேண்டும் என்பார், இனிப்பு. தெலுங்குக்காரர் "கம்மகா" இருக்கவேண்டும் என்பார், மணக்க மணக்க. மலையாளி கண்ணை மூடித் தலையாட்டுவார். பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை தெரியாது. நம் ஆட்கள் "கணீர்னு" கேட்பார்கள், இல்லாவிட்டால் "கரகரன்னு". நான் நடத்தியது சவுண்டு சர்வீஸா மளிகைக் கடையா என்று பல நாள் எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது.

எல்லோருக்கும் பொதுவாக இருப்பது நம் தீவு இந்தி ஒன்றுதான். ஆண்பாலும் பெண்பாலும் கடலில் விழுந்து பல வருடம் ஆகிவிட்ட இந்தி. அதில் நம் தொழிலைத் தாங்குகிற சொற்கள் இரண்டு. லேசு என்றால் ஹல்கா, கனம் என்றால் பாரி. (தமிழ் வாத்தியார் யாராவது வாடிக்கையாளராக வந்து, "பாரி" என்றதும் தேரையும் முல்லைக்கொடியையும் நினைத்துக்கொண்டால் அது நம் பொறுப்பல்ல.) ஐந்து மொழிக்காரர்கள் இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருடம் என்னிடம் வேலை வாங்கினார்கள். அதில் ஒரு தடவை நான் வாங்கிய அடிதான் இப்போது சொல்லப்போவது.

நாலைந்து வருடம் இருக்கும். காலை பத்து மணி வாக்கில், தெற்கே கட்சால் தீவில் இருந்து ஒரு போன். யோகேஸ்வரி. நாற்பதை நெருங்கும் பெண், ரப்பர் தோட்டத்துக் குடும்பம், இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அக்கம்பக்கத்து நிக்கோபாரிக்காரர்களின் சர்ச் பாட்டுக் குழுவைப் பார்த்தே கிட்டார் பழகியவர். மாரியம்மன் திருவிழா, கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் ஒரே கிட்டார், ஏறக்குறைய ஒரே தாளம். மற்ற நாளில் கிடைக்கிற கூலி வேலை. போர்ட் பிளேருக்கு வரும்போதெல்லாம் கம்பி வாங்க என் கடைக்கு வருவார்.

"அண்ணே, வார புதன்கிழம வாறோம். பாம்பூஃப்ளாட் பக்கம் ஒரு படகுக் கம்பெனில வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க. புடிச்சுப் போச்சுன்னா ஆறு மாசம் வேல. எம் மக போர்ட் பிளேர்லதானே படிக்கிறா, சொந்தக்காரங்க வூட்டுல. இது கெடச்சா ஒரு ரூம எடுத்து அவளோட இருந்துருவேன். ரெண்டு வருசமா லீவுக்கு லீவுதான் அண்ணே புள்ளைய பாக்குறது."

அதுவரை தெளிவாகக் கேட்டது. பிறகு லைனில் கடல் புகுந்துவிட்டது. "...அவுங்க சொன்னாங்க... படகுல... ஆம்பு ஒண்ணு... ஹல்காவாப் பாத்து வைங்க அண்ணே, என்ன? கட்டாயம் ஹல்கா..." அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சுத்தமான இந்தியில் சொன்னாள். இன்னொரு முறை கூப்பிடவில்லை. எனக்குத்தான் புரிந்துவிட்டதே! புரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்தபின் மனிதன் போனைத் தொடுவதில்லை.

கடையில் அப்போது ட்யூப் ஆம்ப் இரண்டு இருந்தன. சின்னது ஒன்று, ஒரு ஸ்பீக்கர், ஒரு கையால் தூக்கலாம். நான் அதை டிபன் கேரியர் என்று கூப்பிடுவேன், மரியாதை அவ்வளவுதான். பெரியது ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், நாலு பெரிய ட்யூப், இரண்டு ஆள் கனம். அதற்கு நான் பட்டப்பெயர் வைக்கவில்லை. அதன் முன்னால் நின்றால் எனக்கே கொஞ்சம் பவ்யம் வரும்.

இப்போது கவனியுங்கள், என் மூளை எப்படி வேலை செய்தது என்று. பெரிய ஆம்ப் என்பது யானை மாதிரி. நடக்கும்போது அதற்கு மூச்சு வாங்காது; சத்தம் கூட்டினாலும் சுத்தமாகவே இருக்கும். சின்ன ஆம்ப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த ஆள் மாதிரி. கொஞ்சம் கூட்டினாலே இரைக்கும். அந்த இரைப்பைத்தான் கரகரப்பு என்கிறோம், அதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. யோகேஸ்வரி கேட்டது ஹல்கா. லேசான, இதமான, பன்னீர் தெளித்த மாதிரி சத்தம். படகில் வரும் விருந்தாளிகள் முன்னால் வேறெப்படி வாசிப்பார்கள்? ஹல்கா சத்தம் வேண்டுமானால் பாரி பெட்டி வேண்டும். தர்க்கத்தில் ஒரு ஓட்டை கிடையாது. ஓட்டையே இல்லாத தர்க்கம் கண்டால் இனி நீங்கள் கொஞ்சம் பயப்படவேண்டும்.

இரண்டு நாள் அந்தப் பெட்டியைச் சீராட்டினேன். நம் உப்புக்காற்று பழைய இரும்புக் கைப்பிடியைத் தின்றிருந்தது. மெயின்லேண்டில் இருந்து பித்தளை முனை வைத்த தோல் கைப்பிடி ஒன்று வரவழைத்திருந்தேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. அதோடு வரவேண்டிய நீள போல்ட்டுகள் வந்து சேரவில்லை. சும்மா கிடந்த இரண்டு மர ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கினேன். துணியால் துடைத்து, நாலடி தள்ளி நின்று பார்த்தேன். உறுதியைச் சோதிக்க உலகத்தில் எத்தனையோ வழி இருக்கிறது. நாலடி தள்ளி நின்று பார்ப்பது அதில் ஒன்றல்ல.

புதன்கிழமை கடல் கொஞ்சம் முரண்டுபிடித்தது. காலையில் வரவேண்டிய கப்பல் மதியம் தாண்டி வந்தது. "கடைக்கு வர நேரமில்ல, நேரா சாத்தம் ஜெட்டிக்கே வாங்க" என்று யோகேஸ்வரியிடமிருந்து ஒரு வரி. ஐந்து மணிக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில், வாசிக்க வேண்டும். பெட்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனால், வண்டி ஏற்றும் ஃபெர்ரிக்கு மரமில் வாசல் வரை வரிசை. டெம்போவை விட்டுவிட்டு, ஆட்களோடு ஆளாகப் பெட்டியை ஏற்றிவிடலாம் என்று இறக்கி வைத்தேன். ஆட்டோவில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். முதுகில் கிட்டாரோடு யோகேஸ்வரி. பாஸ் கிட்டார் வாசித்துப் பாடவும் செய்யும் அவர் தங்கை கணவர் சிவா. டிரம்ஸ் வாசிக்கும் டேனியல், நிக்கோபாரிக்காரர், ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

யோகேஸ்வரி பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இது என்ன அண்ணே, பீரோவா? யார் வூட்டுக்குப் போகுது?"

"இதான் தங்கச்சி உங்க ஆம்ப்."

"நான் ஹல்காவுல்ல கேட்டேன்."

"ஹல்காவாத்தான் கேக்கும். வாசிச்சுப் பாருங்க, பன்னீர்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கேக்குறது இல்ல அண்ணே. தூக்குறது."

சிவா கடலைப் பார்த்தார். டேனியல் தன் ஆறு வார்த்தையில் ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தொழிலில் நான் செய்த பெரிய தவறு போனில் தப்பாகப் புரிந்துகொண்டது என்று நினைப்பீர்கள். அது காதின் தவறு, மன்னிக்கலாம். பெரிய தவறு இனிமேல்தான். டெய்ரி ஃபார்ம் பக்கத்தில் இருக்கும் நம் கடைக்குப் போய் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு திரும்ப அரை மணி நேரம் போதும். அதற்கடுத்த ஃபெர்ரியைப் பிடித்தாலும் ஐந்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் சேர்ந்திருப்போம். "தப்பு என்னுது, இதோ வந்துட்டேன்" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை விட்டுவிட்டு, "கவலப்படாதீங்க, தூக்குறது எம் பொறுப்பு" என்றேன். இரண்டு நாள் துடைத்தவன் ஆயிற்றே, காட்டாமல் இருக்க மனம் வருமா?

ஜெட்டியில் ஒரு லோடுமேன் இருந்தார். அவர் பெயரை நான் கேட்டதேயில்லை, இது என் குறைகளில் ஒன்று. ஃபிரிட்ஜில் இருந்து சவப்பெட்டி வரை அந்த ஜெட்டியில் தூக்காதது எதுவுமில்லை. ஆம்பைத் தூக்கச் சொன்னதும் அவர் கைப்பிடியைத் தொடவேயில்லை. பெட்டியைத் தோளோடு சாய்த்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, அதன்மேல் காதை வைத்தார். டாக்டர்கள் இப்போதெல்லாம் இவ்வளவு நேரம் காது கொடுப்பதில்லை.

"பாயி, அந்தர் குச் போல் ரஹா ஹை."

உள்ளே ஏதோ பேசுகிறதாம். பிறகு கைப்பிடியை ஒரு விரலால் தட்டிவிட்டு, "யே தோ திகானே கா ஹை. நீச்சே சே பகடோ" என்றார். இது காட்டுவதற்கு உள்ளது, அடியில் பிடியுங்கள் என்று.

"இருபது வருஷமா இதான் என் தொழில்" என்று அவருக்கு இந்தியில் தெரிவித்தேன். இந்தி சரியாக இருந்ததா தெரியாது, திமிர் சரியாகப் போய்ச் சேர்ந்தது. "முஜே க்யா, சாமான் ஆப்கா" என்று, உங்கள் சாமான், எனக்கென்ன என்கிற தொனியில் சொல்லிவிட்டு, அடியில் கை கொடுத்துத் தூக்கி, பூனைக்குட்டியை வைப்பதுபோல் ஃபெர்ரியில் வைத்துவிட்டுப் போனார். என் தொழில் வாழ்க்கையில் நான் கேட்ட ஆகச் சிறந்த ஆம்ப் விமர்சனம் அதுதான். பதினோரு தாடிக்காரர்களும் அவருக்கு உறை போடக் காணாது.

பாம்பூஃப்ளாட் கரையில் தண்ணீர் வற்றிய நேரம். படிகள் செங்குத்தாக நின்றன. டேனியல் கீழ்ப்பக்கம் அடியில் கை கொடுத்தார். நான் மேல்படியில் நின்று, ஜெட்டியே பார்க்கும்படி, பித்தளை மின்ன, கைப்பிடியைப் பற்றி ஒரு இழுப்பு இழுத்தேன்.

கைப்பிடி வந்தது. ஆம்ப் வரவில்லை.

டேனியல் மட்டும் இல்லாவிட்டால் அது நேரே தண்ணீருக்குப் போயிருக்கும். அவர் நெஞ்சைக் கொடுத்துத் திருப்பியதில் பக்கவாட்டில் உருண்டு, யாரோ இறக்கி வைத்திருந்த முட்டைக்கோஸ் மூட்டையின் மேல் உட்கார்ந்தது. மூட்டைக்கு உரிமைக்கார வங்காளப் பெண்மணி, "ஏ தாதா! மேரா கோபி!" என்று கத்திக்கொண்டு வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "டிவி ஹை க்யா?" என்று விசாரித்தார். டேனியல் அன்றைய முதல் வார்த்தையைச் செலவழித்தார்: "நஹி."

யோகேஸ்வரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என் கையில் இருந்த கைப்பிடியை வாங்கித் தன் கிட்டார் பைக்குள் வைத்தார். "ஐஞ்சு மணிக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. நடங்க" என்றார்.

படகுக் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடம் தண்ணீரை ஒட்டியே இருந்தது. வெள்ளைச் சட்டை மேனேஜர், பதவிசான மனிதர், எங்களுக்கு ஒரு மூலையைக் காட்டிவிட்டு போன் பேசப் போய்விட்டார். ஆம்பின் சுவிட்சைப் போட்டேன். ஒரு உறுமல், ஒரு துப்பல், உள்ளே ஒரு பொறி. உடனே அணைத்துவிட்டு முதுகுப் பலகையைக் கழற்றினேன். நாலு பெரிய ட்யூபில் ஓரத்தில் இருந்த ஒன்றின் தலையில் இருக்கவேண்டிய வெள்ளிப் பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தது. காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பிடித்து நிறுத்தவேண்டிய கவ்விதான் ஜெட்டியில் லோடுமேனிடம் "பேசியது". உபரி ட்யூப்? டெய்ரி ஃபார்மில், அலமாரியின் இரண்டாம் தட்டில், பஞ்சு சுற்றி, மிகப் பத்திரமாக இருந்தது.

பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் வெகு நேரம் யோசித்தேன். தலையை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

"ஒளிக்காமச் சொல்லுங்க அண்ணே. செத்துப் போச்சா?"

"நாலுல ஒண்ணு போச்சு. அதோட ஜோடியையும் கழட்டிட்டா, மிச்ச ரெண்டுல ஓடும். ஓடணும்."

"ஓடுமா, ஓடணுமா?"

"படிச்சிருக்கேன் தங்கச்சி. செஞ்சதில்ல."

'படித்திருக்கிறேன்' என்பது நம் தொழிலில் திறந்து கிடக்கும் மின்கம்பி மாதிரி. ஜோடி மாற்றிக் கழற்றினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிறகு பீரோ நிஜமாகவே பீரோதான்.

"தப்பாப் போனா?"

"பொகை வரும். அப்புறம் அந்தக் கரோக்கே பெட்டியில சொருகித்தான் வாசிக்கணும்."

கூடத்தின் மூலையில் நீல விளக்குச் சிமிட்டிக்கொண்டிருந்த கரோக்கே பெட்டியை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சிவா முதல் தடவையாக வாய் திறந்தார்: "அதுல வாசிச்சா கொசு பாடுற மாதிரி இருக்கும் அக்கா."

போகப்போவது என் ஆம்ப், ஆனால் இழக்கப்போவது யோகேஸ்வரி. மகளோடு ஒரே கூரை, ஆறு மாதம். அதை நான் தனியாகப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு முடிவு செய்யக்கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. ஆகவே இரண்டு வழியையும், இரண்டிலும் உள்ள ஆபத்தையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்கு நான் சொல்லும் யோசனைகளில் இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யோகேஸ்வரி குனிந்து ட்யூப்களை ஒரு தடவை எண்ணினார்.

"நாலு பேரு தூக்குற பல்லக்க ரெண்டு பேரு தூக்கணும்னா, சாமி கொஞ்சம் எளைக்கணும். அவ்வளவுதானே? நான் மெதுவா வாசிக்கிறேன். கழட்டுங்க."

புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்ததை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓரத்து இரண்டைக் கழற்றினேன், நடு இரண்டை அப்படியே விட்டுவைத்தேன். பின்னால் இருந்த ஸ்பீக்கர் திருகியை இரண்டு ட்யூபுக்கு ஏற்றபடி மாற்றினேன். சுவிட்சைப் போட்டேன். ஐந்து பேர் மூக்கும் புகையைத் தேடின. ஐந்தாவது மூக்கு ஒரு சர்வருடையது. புகை வரவில்லை.

யோகேஸ்வரி மெதுவாக ஒரு பாட்டைத் தொடங்கினார். அத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. விரல் மெல்லப் பட்டால் கணீர். கொஞ்சம் அழுத்தினால் அதே சுரத்துக்குள் இருந்து கரகரப்பு எட்டிப் பார்த்தது. யானைக்கு முதல் முறையாக மூச்சு வாங்குகிறது! நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பெட்டியின் பின்னால் போய்ச் சிவந்து எரியும் அந்த இரண்டு ட்யூபையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி பலத்தில்தான் தன் முழு குரல் வெளிவரும் என்றால், இத்தனை வருடம் அது யாருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது?

இரண்டாவது பாட்டு முடிந்ததும் மேனேஜர் கையைத் தூக்கினார்.

"படியா. பஹுத் படியா. லேகின், தோடா ஹல்கா கரோ."

ரொம்ப அருமையாம், ஆனால் கொஞ்சம் ஹல்கா ஆக்க வேண்டுமாம். டேனியல் குச்சியை வைத்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். சிவா தன் பாஸின் சத்தத்தைக் குறைத்தார், அவருக்கே கேட்காத அளவுக்கு. யோகேஸ்வரி கிட்டாரின் திருகியில் கையை வைத்தார். அவர் முகம் அணைவதை நான் பார்த்தேன். சாமியிடம் இனி இளைக்கச் சதை இல்லை. இன்னும் குறைத்தால் அந்தக் கரகரப்பு போய்விடும், அது போனால் பாட்டே போய்விடும், அப்புறம் இந்த மேனேஜர் எதற்காக இவர்களை வேலைக்கு வைப்பார்?

அப்போதுதான், கட்சாலில் இருந்து போன் வந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, ஓர் ஆம்பும் ஒரு மூட்டை முட்டைக்கோஸும் நசுங்கிய பிறகு, கேட்டேன்.

"கௌன் ஸா ஹல்கா, சாப்?"

எந்த ஹல்கா என்று. அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"ஆவாஸ் ஹல்கா?" என்றேன். சத்தமா?

"நஹி நஹி! ஆவாஸ் கோ ஹாத் மத் லகானா." சத்தத்தைத் தொடவே கூடாதாம். அவர் விரல் என் ஆம்பை நோக்கி நீண்டது. "வோ அல்மாரி. போட் மே கைஸே சடேகா? போன் பே போலா தா நா மேடம் கோ, சாமான் ஹல்கா லானா."

இந்த அலமாரி படகில் எப்படி ஏறும் என்று கேட்கிறார். தினமும் சாயங்காலம் விருந்தாளிகளோடு கிளம்பும் படகில்தான் வாசிக்க வேண்டும். ஒரு பலகை வழியாக ஏற்றி, திரும்பி வந்ததும் இறக்கவேண்டும். சாமான் லேசாக இருக்கட்டும் என்று மனிதர் முதல் நாளே போனில் சொல்லியிருக்கிறார். யோகேஸ்வரியும் அதைத்தான் என்னிடம் சொன்னார். நடுவில் கடலும் நானும் புகுந்துவிட்டோம்.

"பாத்தீங்களா," என்றார் யோகேஸ்வரி. முகத்தில் மறுபடி விளக்கு எரிந்தது. "அவருக்கும் அது பீரோதான்."

மேனேஜரிடம் மறுநாள் காலை வேறு பெட்டி வருகிறது என்று வாக்குக் கொடுத்தேன். அவர் சந்தேகமாகத் தலையசைத்தார்; வேலை பாதி கிடைத்த மாதிரி. வெளியே வந்ததும் யோகேஸ்வரி கிட்டார் பையைத் திறந்து அந்தக் கைப்பிடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க அண்ணே. இதான் ஹல்கா."

மறுநாள் டிபன் கேரியரை நானே கொண்டுபோனேன், ஒரு கையில். படகில், மடித்துப் போட்ட லைஃப் ஜாக்கெட்டுகள் மேல், முகத்தைக் கொஞ்சம் வானம் பார்க்க வைத்தார் யோகேஸ்வரி. சுவர் இல்லாத இடத்தில் சின்னப் பெட்டி காணாமல் போகும் என்பது என் கணிப்பு. அது போகவில்லை. பஸ்ஸுக்கு ஓடிவந்தவன் இரைப்பில் பாதியும் பாட்டில் பாதியுமாகத் தண்ணீர் மேல் நன்றாகவே பாடினான். நான் அந்தப் பெட்டிக்கு வைத்த பட்டப்பெயரை வாபஸ் வாங்கவில்லை. மரியாதையை மட்டும் கூட்டிக்கொண்டேன். டிபன் கேரியரில்தானே சாப்பாடு இருக்கிறது. மேனேஜர் ஒரு பாட்டு முடியும்வரைகூட நிற்கவில்லை. பெட்டியைத் தன் கையால் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார், வைத்தார், "டீக் ஹை, கல் சே" என்றார். நாளையிலிருந்து.

அந்த மாதமே நம் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பிடித்தார்கள், அம்மாவும் மகளும். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அந்தப் பெண்ணை அம்மா கத்திக் கூப்பிடுவது கடை வாசல் வரை கேட்கும். அந்தக் குரலுக்கு ஆம்ப் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆகவே டோனா, உறுதியா, வெயிட்டா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். டோனை வாசிக்கிறவர் கண்டுபிடித்துக்கொள்வார், பாதி செத்த பெட்டியிலும். உறுதியை ஜெட்டியில் லோடுமேனிடம் கேளுங்கள். காதை வைத்துச் சொல்வார், பெயரையும் கேட்டு வாருங்கள், எனக்குத் தெரியவேண்டும். வெயிட்டைப் பற்றி வாடிக்கையாளர் எந்த மொழியில் என்ன சொன்னாலும், அவர் எதைச் சொல்கிறார் என்று இன்னொரு தடவை கேளுங்கள். கேட்டால் நமக்குத் தெரியாது என்று நினைப்பார்களே என்று தோன்றும். உண்மைதானே, நமக்குத் தெரியாதுதானே!

போன வருடம், கடையை உங்களிடம் ஒப்படைக்கச் சில மாதம் முன்னால், யோகேஸ்வரி போன் செய்தார். லைன் தெளிவாக இருந்தது.

"அண்ணே, பாரியா ஒரு ஆம்பு வேணும்."

"எந்த பாரி?"

அந்தப் பக்கத்தில் ஒரே சிரிப்பு. பக்கத்தில் மகளும் இருந்திருக்க வேண்டும், அவள் சிரிப்பும் கேட்டது.

"தேறிட்டீங்க அண்ணே! ரெண்டு பாரியுந்தான். ஒரு ஹோட்டல் ஹால்ல வருசம் பூரா வாசிக்கப் போறோம். ஆம்பு மேடையிலயே கெடக்கும், யாரும் தூக்கப்போறதில்ல. அந்த பீரோவ ரெண்டு ட்யூபோடயே குடுங்க."

"சரிம்மா. நல்ல போல்ட்டு போட்டு, கைப்பிடியும் மாட்டித் தரவா?"

"வேணாண்ணே," என்றார். "கைப்பிடிய நீங்களே வச்சுக்கங்க."